பெயர் சொல்லாமல் விட்ட செடி

அனுப்புநர்:
வீ. மாசாணியம்மாள்,
கருஞ்சோலை மலைக்குடியிருப்பு,
உடுமலைப்பேட்டை வட்டம்.

பெறுநர்:
வனச்சரக அலுவலர் அவர்கள்,
கருஞ்சோலை வனச்சரகம்.

பொருள்: மூலிகைப் பூங்காவில் மிஞ்சியுள்ள ஒரே மருந்துச் செடியை வெட்டாமல் நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட குடியிருப்பில் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் பச்சிலைக் கட்டு போடுபவள். தங்கள் பூங்காவில் தினக்கூலியாகவும் வேலை செய்கிறேன்.

1. சென்ற தை மாதம் பூங்காவுக்காகச் சரிவைச் சுத்தம் செய்ய எங்கள் பெண்கள் பன்னிரண்டு பேர் அமர்த்தப்பட்டோம். வேலை தொடங்கும் முன் வனவர், "ஏனுங்கம்மா, இதுல உங்களுக்கு ஆகற செடி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று மரியாதையாகவே கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றோம்.

2. அது பொய். நான் கட்டுக்குப் பறிக்கும் செடி அந்தச் சரிவில்தான் இருந்தது. மருந்துச் செடியின் பெயரை வெளியாரிடம் சொன்னால் மருந்து பலிக்காது என்பது எங்கள் வழக்கம். அதன்மேல் இரும்பு படக்கூடாது என்பதும் வழக்கம்தான். பெயரைக் காப்பாற்றப் போய் அரிவாளை வைத்தோம். வேர் இருந்தால் மழைக்குத் துளிர்க்கும் என்று நினைத்தோம். மறுநாள் பொக்லைன் வந்து வேரையும் எடுத்துவிட்டது. வனவர் மீது எனக்குப் புகார் இல்லை. வெட்டியவர்களில் நானும் ஒருத்தி.

3. இப்போது அங்கே கற்றாழையும் துளசியும் பெயர்ப்பலகையுடன் நிற்கின்றன. இரண்டும் உடுமலைச் சந்தையில் தொட்டியோடு கிடைப்பவை. அவற்றைப் பார்க்க மலையேறி வருவானேன் என்று எனக்கு விளங்கவில்லை.

4. ஆனி மாதம் என் மகள் செவ்வந்தி காப்பித் தோட்டத்தில் விழுந்து வலது கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள், அதில் குறையில்லை. கட்டைப் பிரித்த பின்னும் வீக்கம் வற்றவில்லை, விரல் மடங்கவில்லை. ஊருக்கெல்லாம் கட்டுப்போட்ட நான் பெற்ற மகளுக்கு இலை தேடி மூன்று நாள் அலைந்தேன். பூங்காவின் வடக்கு மூலையில், கருவிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரே ஒரு புதர் தப்பியிருக்கிறது. அதில் ஓர் இலைகூடப் பறிக்கவில்லை. விதைக்கு விட்டிருக்கிறேன்.

5. வரும் திங்கட்கிழமை அங்கே வருகையாளர்கள் படம் எடுத்துக்கொள்ள மேடை கட்டுவதாகச் சிவப்பு நாடா கட்டியுள்ளார்கள். மேடையைப் பத்தடி தள்ளிக் கட்டவும், புதருக்கு வேலி போடவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

செடியின் பெயர் எலும்பொட்டி. வெளியாரில் தங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். பலகையிலும் எழுதிக்கொள்ளலாம். இனி மருந்து பலிக்காது என்று எங்களவர்கள் என்னை ஏசுவார்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு செடியே இல்லாவிட்டால் பலிக்க என்ன இருக்கிறது?

எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்தருளவும். எங்கள் வீட்டில் வழக்கமாக மனு எழுதுபவள் செவ்வந்திதான்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
வீ. மாசாணியம்மாள்

இடம்: கருஞ்சோலை
நாள்: 11.09.2025