மேல் அடுக்கில் வெறும் தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

மிளகாய் விதைகளுக்கு இன்று ஏழாம் நாள். காலை பத்து மணிக்கு முளைப்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே நான்கு அடுக்கு. மேல் அடுக்கில் வெறும் தண்ணீர் ஊற்றிய விதைகள். அதற்குக் கீழே நொச்சி இலைச் சாறு இரண்டு சதவீதம், அதற்கும் கீழே ஐந்து, அடியில் பத்து. இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை. தட்டிலிருந்து ஒரு சொட்டு வழிந்தாலும் மேலே இருப்பது தண்ணீர்தானே, கீழே இருப்பதைக் கெடுக்காது. பதினோரு வருடமாக இந்த விதைப் பரிசோதனைக் கூடத்தில் குப்பை கொட்டுகிறேன், இதுகூடத் தெரியாதா?

முளைவேர் எட்டிப் பார்த்த விதைகளை இடுக்கியால் எடுத்து எடுத்து எண்ணினேன். நூற்றுக்கு இத்தனை என்று சராசரி: வெறும் தண்ணீரில் 34. ஐந்தில் 40. பத்தில் வெறும் 3. இரண்டு சதவீதத்தில் 61!

மறுபடியும் எண்ணினேன். 61தான்.

வேலியோரம் கேட்பாரற்று வளர்கிற செடி. ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் இலை ஊறிய தண்ணீரில் மிளகாய் விதைக்கு இப்படி என்ன அவசரம்? கொஞ்சம் கொடுத்தால் ஓடுகிறது, நிறையக் கொடுத்தால் உட்கார்ந்துகொள்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது அந்த இலையில்? மதியம் சாப்பிட்டேனா என்பதே மறந்துவிட்டது. டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் – சாப்பிடவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

காய்ந்த நொச்சி இலையை இனிமேல் வீட்டு மிக்ஸியில் அரைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் உத்தரவு. காபி கசக்கிறதாம். காபிக்கும் மிக்ஸிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். வந்ததும் வராததுமாக அவனுடைய மிளகாயைப் பற்றித்தான் பேச்சு. ஆறு வருடம் முன்பு வாடல் நோய் வந்து அவன் தோட்டம் மொத்தமும் தலை சாய்ந்தபோது ஒரே ஒரு செடி நின்றது. அதிலிருந்து விதை எடுத்து, அடுத்த வருடம் அதில் தேறியதிலிருந்து எடுத்து, இப்படி ஆறு வருடம். பெண்டாட்டி பிறந்தநாளை மறந்தாலும் மறப்பான், விதை எடுக்கும் நாளை மறக்க மாட்டான். இந்த வருடம் முதல் முறையாக முழுத் தோட்டத்துக்கும் போதுமான விதை சேர்ந்திருக்கிறது.

"ஆனா சனியன், ஒண்ணா முளைக்க மாட்டேங்குதுக்கா. இன்னைக்கு நாலு, நாளைக்கு ரெண்டு. நாத்து ஒரே மாதிரி இருந்தாத்தானே நடலாம்?"

என் வாய் சும்மா இருக்குமா? நொச்சிக் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். 34, 61 எல்லாம். அவன் கண் விரிந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டாவது முறையும் அதே மாதிரி வரட்டும், அப்புறம் செய்யலாம் என்றும் சொன்னேன். சொன்னேன்தான்.

மார்ச் 12, புதன்

இரண்டாவது முறை. வெறும் தண்ணீரில் 36. இரண்டு சதவீதத்தில் 63. அச்சு அசலாக அதே கதை!

எங்கள் கூடத்தின் தலைமை மேடம் தாளைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து மூன்று வருடமாகிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் இதை நான் பேச வேண்டுமாம்.

பேருந்து நிறுத்தத்திலிருந்தே தம்பிக்கு ஃபோன் செய்தேன். இலையை ஊறவைத்து வடிகட்டு, டீத் தண்ணீர் நிறத்தில் லேசாக இருக்கட்டும், ஒரு ராத்திரி போதும் என்றேன்.

"எல்லாத்தையும் போடலாமாக்கா?"

"போடேன்" என்றேன். யோசிக்கவே இல்லை.

மார்ச் 20, வியாழன்

முளைப்புப் பெட்டி இரண்டு நாளாகக் கடகடவென்று சத்தம். மெக்கானிக் வந்தார். பின்பக்கத்தைக் கழற்றி, காற்றாடியைத் துடைத்து, எண்ணெய் விட்டு மூடினார். போகும்போது பேச்சுவாக்கில், "மேல் அடுக்குல ஏன் மேடம் வெதைய வெக்கிறீங்க? குளிர் காத்து அங்கதான் நேரா அடிக்குது. கைய வெச்சுப் பாருங்க, சில்லுனு இருக்கும்" என்றார்.

கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

"வெளிய இருபத்தஞ்சுன்னு காட்டுதே?"

"அது நடுவுல இருக்கிற சூட்டைத்தான் காட்டும். எல்லாப் பெட்டியும் அப்படித்தான்."

நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. மேல் அடுக்கில் எப்போதும் வெறும் தண்ணீர். எப்போதும். நான்தான் வைத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

காலை எட்டு மணிக்கே போய் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு வெப்பமானி வைத்தேன். ஒரு மணி நேரம் கதவைத் திறக்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

மேல் அடுக்கு 21. அதன் கீழே 25. மூன்றாவது 27. அடியில் 28.

மிளகாய் விதைக்குக் குளிர் ஆகாது, தாமதமாகத்தான் முளைக்கும். இது முதல் வருடத்துப் பாடம். அப்படியானால் 34க்கும் 61க்கும் நடுவில் இருந்தது நொச்சியா, குளிர்காற்றா? சொட்டிவிடக் கூடாது, சொட்டிவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக – ஐயோ, அந்தக் கவனம்தானே! ஏனோதானோவென்று கண்ட இடத்தில் வைத்திருந்தால்கூட இந்தத் தப்பு வந்திருக்காது.

உடனே புதிதாக ஆரம்பித்தேன். சீட்டுக் குலுக்கிப் போட்டு, எந்தத் தட்டு எந்த அடுக்கில் என்று முடிவு செய்தேன். பிறகு மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லலையே?"

"என் தம்பிகிட்ட சொல்லியிருக்கேன்."

"முதல்ல அவருக்கு ஃபோன் போடு."

ஆறு முறை அடித்த பிறகு எடுத்தான். முந்தாநாள் புதன் சாயங்காலமே ஊறப் போட்டுவிட்டானாம். ஒரு ராத்திரி என்றுதானேடா சொன்னேன்? "இன்னும் ஒரு நாள் ஊறினா நல்லா ஏறும்னு விட்டுட்டேன்." நிறம்? "பச்சையா அரைச்சு ஊத்தினேன். நல்ல கரும்பச்சை. நல்லதுன்னு நீதானே சொன்ன, கொஞ்சம் தாராளமாவே போட்டேன்."

எல்லாமுமா?

எல்லாமும்.

பத்து சதவீதத்தில் நூற்றுக்கு மூன்றுதான் முளைத்தது. இவன் அரைத்தது பத்துக்கும் மேலேயே இருக்கும். எடுடா, இப்பவே எடு, வடிச்சுட்டுத் தண்ணியில போடு, நான் நாளைக்குக் காலையில வரேன் என்று கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த 61 பெட்டிக் குளிர் காட்டிய கணக்காக இருக்கலாம் என்றும் சொன்னேன்.

"நீ கண்ணால பார்த்ததுதானேக்கா அது?" என்று கேட்டான். பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். பெட்டியைத்தான் பார்க்கவில்லை.

மார்ச் 22, சனி

மூன்று மணி நேரப் பேருந்து. கொல்லைக் குழாயடியில் நானும் அவனும் விதைகளை அலசினோம். பத்துத் தண்ணீர் மாற்றியும் பச்சை வாசனை போகவில்லை. இன்னும் பத்து. தம்பி பேசாமல் இருந்தால் எனக்குப் பயம், சின்ன வயதிலிருந்தே.

நேற்று வடிக்கும்போது சல்லடையின் அடியில் கொஞ்சம் விதை சாறோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அதிலிருந்து ஐம்பதைக் கழுவாமல் ஒரு தாளில் எடுத்து வைத்தேன். பார்த்துவிட்டான்.

"இப்பவும் சோதனையா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் தாளைக் கீழே வைக்கவில்லை. கழுவினதால் பிழைத்ததா, கழுவாமலே பிழைத்திருக்குமா என்பது பின்னே எப்படித் தெரியும்? இதை அவனிடம் சொல்லவும் செய்தேன். அவன் குழாயை மூடிவிட்டு உள்ளே போனான்.

ஊறாத விதை ஒன்றிரண்டு இருக்குமா என்று வீடு முழுக்கத் தேடினோம். ஒன்றுகூட இல்லை. அவன் விதை முன்னே எப்படி இருந்தது என்று ஒப்பிட எதுவுமே இல்லை.

மற்றவற்றை நிழலில் பரப்பி வைக்கச் சொன்னேன். விதைக்காதே, செவ்வாய்க்கிழமை வரை பொறு என்றேன். ஈரத்துணியில் இருநூறு விதை கட்டிக்கொண்டு திரும்பினேன்.

மார்ச் 24, திங்கள்

செத்ததா, தூங்குகிறதா? முளைக்கும் வரை காத்திருந்தால் பதினாலு நாள். ஆனால் எங்களிடம் வேறு வழி இருக்கிறது. விதையைப் பிளந்து, நிறமில்லாத ஒரு மருந்தில் போட்டு இருட்டில் வைத்தால், உயிர் இருக்கிற கரு சிவக்கும். செத்தது வெள்ளையாகவே கிடக்கும்.

அவனுடைய விதைகளில் நூறை பிளேடால் நறுக்கினேன். ஒவ்வொன்றையும் நறுக்கும்போது இது ஒரு செடி, இது ஒரு செடி என்றுதான் மனதில் ஓடியது. இன்னொரு நூறை ஈரத்தாளில் முளைக்கப் போட்டேன், கழுவாத ஐம்பதைத் தனியாக. இந்த முறையும் சீட்டுக் குலுக்கித்தான்.

மார்ச் 25, செவ்வாய்

சிவப்பு! லென்ஸில் முதல் விதையைப் பார்த்தபோது, தலை முதல் வேர் நுனி வரை நல்ல சிவப்பு. இரண்டாவது சிவப்பு. மூன்றாவது வெள்ளை. மொத்தம் 79 சிவப்பு. கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஃபோனில் சொன்னேன். "அப்போ வெதைக்கலாமா?" என்றான். விதை என்றேன். "சரி, வை" என்றான். அவ்வளவுதான்.

பத்து சதவீதத்தில் நூற்றுக்கு மூன்றுதான் எழுந்தது, அதைவிடக் கடுமையான சாற்றில் கிடந்தும் இங்கே 79 பேர் உயிரோடு இருக்கிறார்களே? அந்தச் சாறு கொல்வதில்லை, பிடித்து வைக்கிறது. எதைப் பிடிக்கிறது? தண்ணீர் குடிப்பதையா, வேர் நீள்வதையா? அவன் அங்கே அப்படி இருக்கும்போது இதையெல்லாம் யோசிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. யோசிக்காமலும் இருக்க முடியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

சீட்டுக் குலுக்கி வைத்ததில் ஏழாம் நாள். வெறும் தண்ணீர் 52. இரண்டு சதவீதம் 51. ஐந்து 33. பத்து 2.

இரண்டு சதவீத நொச்சி ஒன்றுமே செய்யவில்லை. சும்மா இருந்திருக்கிறது பாவம். அது இருந்த அடுக்குக்குக் கிடைக்க வேண்டிய பெயர் அதற்குக் கிடைத்துவிட்டது.

மார்ச் 31, திங்கள்

மேடம் கூட்டத்திலிருந்து என் பேச்சை எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், தப்பைப் பற்றியே பேசுகிறேன் என்றேன். "பத்து நிமிஷத்துக்கு மேல பேசாதே" என்றார்.

ஏப்ரல் 7, திங்கள்

தம்பியின் விதைக்குப் பதினாலாம் நாள். கழுவிய நூறில் 64 முளைத்திருக்கிறது. கழுவாத ஐம்பதில் 5. அப்படியென்றால் கழுவினதால்தான்.

ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

தம்பி மனைவி பேசினாள். குழித்தட்டில் பாதிக்கு மேல் வந்துவிட்டதாம், ஆனால் ஒரு வாரம் தாமதம். நாற்று போதாது, தோட்டத்தில் கால் பங்கு காலியாகத்தான் கிடக்கும். "உங்க மேல கோவமான்னு கேட்டேன் அண்ணி. இல்லைன்னுதான் சொல்றாரு. ஆனா ஃபோனைக் குடுத்தா வாங்க மாட்டேங்கிறாரு."

கோபம் இல்லை என்றால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

கூட்டத்தில் பேசினேன். ஒன்பது நிமிடம். முடிந்ததும் நான்கு பேர், யாருக்கும் தெரியாமல் ஒவ்வொருவராக வந்து, அவர்களுடைய பெட்டியில் எந்த அடுக்கு குளிரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்கள்.

மே 16, வெள்ளி

தம்பி ஃபோன்! "ஞாயித்துக்கெழம வர்றியா? ஒண்ணு எண்ணணும்." என்ன எண்ண வேண்டும் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

மே 18, ஞாயிறு

போனேன். முதலில் தோட்டத்தைக் காட்டினான். மிளகாய்ச் செடிகள் முழங்கால் உயரம்கூட இல்லை, ஆனால் நிற்கின்றன. ஓரத்தில் கால் பங்கு வெறும் மண். அங்கே இரண்டு பேரும் நின்றோம். "தப்பு பண்ணிட்டேன்டா" என்றேன். "நீ டீ நிறம்னுதான் சொன்ன" என்றான்.

பிறகு வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனான். மூன்று குழித்தட்டுகளில் கத்தரி நாற்று, ஒவ்வொன்றிலும் ஐம்பது குழி. கடையில் வாங்கிய விதையாம். தினமும் காலையில் மூன்றையும் இடம் மாற்றி மாற்றி வைத்தானாம்.

"எதுல என்னடா ஊத்தின?"

"அது உனக்கு எதுக்கு? நீ எண்ணு மொதல்ல. அடியில எழுதி ஒட்டியிருக்கேன். எண்ணி முடிச்சப்புறம் தூக்கிப் பார்க்கலாம்."

தரையில் உட்கார்ந்து எண்ணினேன். அவன் எழுதிக்கொண்டான். 43. 41. 43. ஒவ்வொரு தட்டாகத் தூக்கிக் காட்டினான். முதலாவது வெறும் தண்ணீரில் ஊறியது, இரண்டாவது டீ நிறச் சாறு, மூன்றாவது ஊறவே இல்லை.

"ஒண்ணும் இல்லையேக்கா."

"ஒண்ணும் இல்லடா" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும்.

"அப்போ அந்தக் கரும்பச்சை இருக்கே, நல்ல வெதையையே அப்படி உக்கார வெச்சுதே. அதைக் களை வெதைமேல ஊத்தினா?"

பதினோரு வருடம். ஒரு நாளும் இது எனக்குத் தோன்றவில்லை. ஊற்றிப் பார்த்ததில்லை என்றேன். தெரியும் என்பது போலச் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான். தோட்டத்துக் களையிலிருந்து அவனே உதிர்த்துச் சேர்த்த விதை, மிளகு அளவுகூட இல்லாத கறுப்பு மணிகள். நான் கையை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. முதலில் இன்னொரு தாளை விரித்து, சரிபாதியை அதில் கொட்டி, மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டான். அதன் பிறகுதான் மீதியை என்னிடம் தந்தான்.