அம்மாவின் ஸ்பீக்கருக்குத் தனி லைன்

புதுப்பாளையம், கடலூர்
ஜூலை 12

அன்பு மகள் சிந்துஜாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், மெல்பர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்பதால் இதைச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய ஆம்ப்ளிபயரையும் ஸ்பீக்கரையும் வந்த அன்றே மாட்டினேன். கழுத்து ஆபரேஷனில் பாடும் குரல் போய், பாட்டு வகுப்பையும் நிறுத்தியதிலிருந்து வீட்டில் பாட்டே கேட்காத உன் அம்மா, நீ அனுப்பியது என்பதற்காக வந்து உட்கார்ந்தாள். பாட்டுக்கு முன்னால் உர்ரென்று ஒரு இரைச்சல்தான் வந்தது. ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்ததும் டப்பென்று வேறு அடித்தது. "இந்த உர்ரு எந்தச் சுருதியிலயும் சேரலைங்க, நிறுத்திடுங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை. பெட்டியில் கோளாறோ என்று கடைக்காரரைக் கேட்டேன், வீட்டு ஒயரிங்கைப் பாருங்கள் என்றார்.

சிதம்பரத்திலிருந்து இளவரசி என்று ஒரு எலக்ட்ரீஷியன் பெண் வந்தாள். ஐடிஐ படித்தவள், நிதானமான பெண். மீட்டரை வைத்து ஒவ்வொரு பிளக்காகச் சோதித்துவிட்டு, "அய்யா, பாட்டு கெடக்கட்டும். இந்த வூட்ல எர்த்து பேருக்குத்தான் இருக்கு, கீழ ஒயரு அறுந்துபோயிருக்கு, உர்ருங்கறதும் அதனாலதான். கீசர் கொழாயில கை சுர்ருன்னுதா?" என்று கேட்டாள். ஆறு மாதமாக அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், ஈரக்கையோடு தொடாதே என்று நானும் அவளையே கடிந்துகொண்டிருந்தேன். என் தப்புதான் சிந்துஜா, உன்னிடம் மறைக்கவில்லை.

இளவரசி இரண்டு நாள் வேலை செய்தாள். உப்புக்காற்றில் துருப்பிடித்த பழைய எர்த் பைப்பை விட்டுவிட்டு, கொல்லையில் புதுக் குழி தோண்டி வீடு முழுவதையும் அதோடு சேர்த்தாள். கரண்ட் கசிந்தால் தானே விழுந்துவிடும் சுவிட்ச் ஒன்றும் வைத்தாள். அப்புறம் மெயின் போர்டிலிருந்து பெரிய ஒயராக இழுத்து, ஸ்பீக்கர் செட்டுக்கு மட்டும் தனி லைன், லோடு கூடினால் தானே அணையும் தனி எம்சிபி சுவிட்ச். "இதுல மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் எதையும் சொருவக்கூடாது, சொல்லிட்டேன்" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுத்தான் போனாள்.

நேற்றுக் காலை நான் ஒன்றும் சொல்லாமல் பாட்டைப் போட்டேன். இரைச்சல் துளியும் இல்லை. அடுப்படியிலிருந்த அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று, பிறகு உட்கார்ந்து, கடைசிவரை கேட்டாள். முடிந்ததும், "பின்னால தம்புரா சுருதி கொஞ்சம் எறங்கியிருக்கு, கவனிச்சீங்களா?" என்றாள். எனக்கு எங்கே தெரியும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். சாயங்காலம் அவளாகவே, முன்பு தன்னிடம் பாட்டுக் கற்ற எதிர்வீட்டு சுவேதாவைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கெழமையிலேர்ந்து வா. பாடிக்காட்ட முடியாது, ஆனா நீ பாடுனா எங்க தப்புன்னு சொல்லுவேன்" என்றாள். சுவேதாவின் அம்மா எங்கள் வாசலிலேயே அழுதுவிட்டாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, போனில் அம்மாவிடம் பாடச் சொல்லிக் கேட்காதே. வகுப்பு எப்படிப் போகிறது என்று கேள், பேசிக்கொண்டே இருப்பாள்.

உன் அன்பு அப்பா
ந. கலியமூர்த்தி