ஜன்னலோர மாப்பிள்ளை

மார்ச் 3

அண்ணனின் செல்லோவுக்கு விமானத்தில் தனி இருக்கையாம். வயலினுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு மரத்தடியன். அவருக்கு ஜன்னலோரம், பெல்ட் எல்லாம் உண்டு. எனக்குக் கழிப்பறைப் பக்கம் கடைசி வரிசை. இசைக் கல்லூரித் தேர்வு அண்ணனுக்கு, கவனிப்பு மரத்துக்கு.

"சரக்குல போட்டா கழுத்து முறிஞ்சிடும்" என்றான்.

முறியட்டுமே. ஒரு வருடமாக ஒரே பாட்டை அறுக்கிறான், என் கழுத்து என்ன ஆனது என்று யாராவது கேட்டார்களா?

மார்ச் 5

போனில் படிவம் நிரப்ப அம்மாவுக்கு வராது. டிக்கெட் வேலை என் தலையில். 'கருவிக்கான இருக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. உப்புச்சப்பில்லாத கட்டம். அதை விட்டுவிட்டு நாலாவது பயணியாகவே சேர்த்தேன். பெயர்: திரு. மாப்பிள்ளை. வயது: 43 (செல்லோவைச் செய்து அத்தனை வருடமாம்). சாப்பாடு: சர்க்கரை நோயாளிக்கானது.

"எல்லாம் சரியா போட்டியாடி?"

"ராஜ மரியாதையோட போட்டிருக்கேம்மா."

இந்த வீட்டில் நகைச்சுவை தெரிந்த ஒரே ஜீவன் நான்தான்.

மார்ச் 18

விமான நிலையக் கவுண்டர் அக்கா — முகத்தில் இஸ்திரி போட்ட சிரிப்பு — "மாப்பிள்ளைங்கிறவர் எங்க? அவரோட அடையாள அட்டை?" என்றாள். அண்ணன் பெட்டியைத் தட்டிக் காட்டினான். சிரிப்பு கசங்கியது. ஆள் பெயரில் எடுத்த இருக்கையில் பொருளை வைக்க முடியாதாம். மாற்றுவதென்றால் இரண்டு நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டுமாம். வேறு இடமும் இல்லை. தேர்வோ நாளைக் காலை.

"உங்க வெப்சைட் பண்ண கூத்து இது!" என்று அம்மா கத்தினாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

சரக்கில் போடுவதற்கு முன் தரையில் குந்தி, பெட்டியைத் திறந்து, நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். தன் ஸ்வெட்டர், அம்மாவின் சால்வை எல்லாவற்றையும் கழுத்தைச் சுற்றித் திணித்தான். கைக்குழந்தைக்குக்கூட இவ்வளவு சுற்ற மாட்டார்கள். அசடு.

மார்ச் 19

முறிந்துவிட்டது. கழுத்து தனியாகக் கம்பியில் தொங்கியது.

அண்ணன் அழவில்லை. அதுதான் எரிச்சல். அழுதிருந்தால் கிண்டல் பண்ணியிருப்பேன். — பண்ணியிருப்பேனா?

கல்லூரியில் யாருடையதையோ இரவல் வாங்கி வாசித்தான். நான் கதவுக்கு வெளியே. அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். மூன்று இடத்தில் தப்பு விட்டான். வீட்டில் ஒரு நாளும் அங்கே தப்பு விட்டதில்லை.

ஏப்ரல் 2

தேர்வாகவில்லை.

ஏப்ரல் 4

அம்மா புகார்க் கடிதம் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "அந்தக் கவுண்டர் பொண்ணை வேலையை விட்டே தூக்கணும்னு போடு." போட்டேன். இஸ்திரிச் சிரிப்புக்காரி! அவள் என்ன பண்ணினாள்? திரையில் இருந்ததைப் படித்தாள். அவ்வளவுதானே.

அண்ணன் பின்னால் வந்து நின்று முழுவதையும் படித்தான்.

"பேரெல்லாம் நல்லாத்தான் வைக்கிற" என்றான். போய்விட்டான்.

தெரிந்திருக்கிறது. கவுண்டரிலேயே தெரிந்திருக்கிறது. அம்மாவிடம் மூச்சு விடவில்லை. பெரிய தியாகி! இவனை யார் கேட்டார்கள்? என்னைக் காப்பாற்று என்று நான் கேட்டேனா? திட்டித் தொலைக்க வேண்டியதுதானே.

சீ. யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் நான்?

ஏப்ரல் 5

"அனுப்பிட்டியாடி?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"இல்ல. அடுப்பை அணைச்சிட்டு இங்க வந்து உட்காரும்மா" என்றேன்.