தலையால் போட்ட கோல்

மர்பி டவுன் வீட்டில், ஐம்பத்தாறாம் வருஷக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பூங்காவனம் கணவனுக்கு எழுதினாள்:

“மாமா, களி சட்டியில இருக்கு. மேட்சுக்குப் போறப்ப சாவியை லூர்துமேரி அக்காகிட்ட குடுத்துட்டுப் போ. நேத்து நீ சொன்ன கோல் காலால போட்டதில்ல, தலையால. ‘பொம்பளைக்கு ஃபுட்பால் என்னா தெரியும்’னு கேட்டியே, பங்களா மாடியிலேருந்து நான் பார்த்தேன்.”

பென்சில் நின்றது. அவள் வேலை செய்யும் பங்களாவுக்கு எதிரே, நன்றாகத் தள்ளித்தான் மைதானம். சாயங்காலம் காய்ந்த துணியெடுக்க மாடிக்குப் போனால், தூரத்தில் ஆட்டம் சத்தமில்லாமல் கனவுபோல நடக்கும். ஆட்களைவிட அவர்கள் நிழல்கள் நீளமாக ஓடும். கோல் விழுந்ததும் கூட்டத்தில் ஒரேயொரு கறுப்புக் குடை விரிந்து மடங்கும். அது அவன்தான். நாலு வருஷமாகப் பந்தைப் பாதியும் குடையைப் பாதியுமாகப் பார்த்துவந்தாள், சொன்னதில்லை.

தாளின் அடியில், மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

“இன்னிக்கி எனக்கு லீவு. நானும் கிரவுண்டுக்குத்தான் போறேன். கூட்டத்துல உன்னை எப்பவும் குடையை வெச்சுத்தான் கண்டுபிடிப்பேன். அதை நான் எடுத்துக்கினு போறேன். கோல் விழுந்தா விரிப்பேன். இன்னிக்கி நீ என்னைத் தேடு.”