அப்பாவின் போட்டிக்கு ஒரு வெளிநாட்டுக்காரர்

ராயபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் ஆண்ட்ரூவுக்கு அம்மா ஹில்டா எழுதுவது. அந்தக் குளிரில் சளி, இருமல் அண்டாமல் நீ நன்றாயிருக்க அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டு வந்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது, படி ஏறுவதே இல்லை, எண்ணூர்ப் பக்கமிருந்து ஆலைப் புகைக் காற்றடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆக்சிஜன் மிஷினைப் போடுகிறோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த கிறிஸ்துமஸைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார். அப்பாவிடம் நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாமலும் இல்லை.

இந்த நிலையிலும் அந்தச் செஸ் போட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார். நீ பிறந்த வருஷம் ஹார்பரில் முதலாளி கைவிட்ட கப்பல் ஒன்று மாதக்கணக்காக நின்றது, சம்பளமில்லாமல் அதில் கிடந்த உக்ரைன்காரர்களை அப்பா கோயில் ஹாலுக்குக் கூட்டிவந்து துறைமுகத் தொழிலாளிகளோடு ஆட வைத்தார், அப்படித்தான் ராயபுரம் சர்வதேச ஓப்பன் தொடங்கியது. மறு வருஷத்திலிருந்து வெளிநாட்டுக்காரர்களை நம் வீடுகளில்தான் தங்க வைத்தோம், யார் வீட்டில் என்று சண்டை வந்ததால் சீட்டுக் குலுக்கினோம், அதுவே வழக்கமாகிவிட்டது. நம் வீட்டில் தங்கிய ஈரான்காரர் மூன்று வேளையும் வஞ்சிர வறுவல் கேட்டாரே, அவரோடுதான் நீ முதல் டிரா செய்தாய். ஏழெட்டு நாட்டுக் கொடி கட்டிய காலம் அது. கொரோனாவில் நின்று மறுபடி தொடங்கியபோது ஆள் குறைந்துவிட்டது, பெரிய ஆட்டக்காரர்கள் பெரிய பரிசுக்குப் போகிறார்கள், மாலுமிகள் கரையிறங்குவதற்குள் கப்பல் கிளம்பிவிடுகிறது. இந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒருத்தரும் வருவதாயில்லை. செயலாளர் நோயல், இன்னா அங்கிள், சர்வதேசம்னு பேருதானே, அப்டியே போட்டுக்கலாம், எவன் கேக்கப்போறான் என்றான். ஃபாரின்காரன் ஒர்த்தனாவது வந்து குந்தணும், இல்லாங்காட்டி போர்டைக் கழட்டு என்று அப்பா கத்தியதில் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்துபோனேன்.

நீ நார்வே குடியுரிமை வாங்கியதிலிருந்து அவர் உன்னோடு பேசவில்லை, நீயும் வீம்பு பிடிக்கிறாய், நடுவில் நான் படுவது போதும். புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு, அவன் இப்போ அந்த நாட்டு ஆளுதானே, வருவானான்னு கேளு என்றார். அடுப்படிக்குப் போய் அழுதேன். மகனே வா என்று கூப்பிட அந்த மனுஷனுக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ சரி சொல்வதற்குள்ளேயே நோயல் நார்வே கொடியைத் தைக்கக் கொடுத்துவிட்டான், நேற்று சீட்டும் குலுக்கியாகிவிட்டது. சொந்தப் பிள்ளைக்கு எதற்குச் சீட்டு என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம், ஃபாரின்காரன்னா சீட்டுதான் என்றுவிட்டார். நானும் நம் பெயரை எழுதிப் போட்டேன், விழவில்லை. பக்கத்துத் தெரு பதுருன்னிசாவுக்கு விழுந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் புள்ளைய நானா பட்டினி போடுவேன், அழாதே ஹில்டா என்றாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா, அவ வூட்ல படிக்கட்டு கீதா என்று கேட்டார். இல்லை, தரையோடுதான் என்றேன். அப்போ நானே போய் அவனைப் பாத்துக்கிறேன் என்றார்.

விசாவுக்கு இன்றைக்கே எழுதிப் போடு. பிறந்த வீட்டுக்கு வர விசாவா என்று நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனாலும் போடு. உன் தலையணையை வெயிலில் காயவைத்திருக்கிறேன், பதுருன்னிசா வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். மாதா உன்னைக் கைவிடாமல் கூட்டிக்கொண்டு வரட்டும். சீக்கிரம் வா அய்யா.

உன் அம்மா,
ஹில்டா யேசுதாஸ்