ஆற்றில் வந்த புதுத்தண்ணீர்

காணை,
1938 ஐப்பசி

என் கண்ணான மகள் தையல்நாயகிக்கு அப்பா எழுதுவது. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வராதே. ஊரெல்லாம் வாந்திபேதி. புரட்டாசி முழுக்க ஆறு காய்ந்து கிடந்ததைப் போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். மேற்கே ஆற்றோர ஊர்களில் அப்போதே நோய் இருந்திருக்கிறது, செத்தவர்களின் பாயையும் துணியையும் வழக்கப்படி ஆற்று மணலில் போட்டிருக்கிறார்கள், நாமும் அப்படித்தானே போடுவோம். ஊசி போட வந்தவர் சொல்லித்தான் இதெல்லாம் தெரிந்தது. மேற்கே மழை பிடித்துத் தண்ணீர் வந்ததும் ஊரே மேளத்தோடு கரைக்கு ஓடியது, மஞ்சள் தூவிக் கற்பூரம் காட்டி, பெண்கள் எல்லாம் முதல் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். ஒரே கலங்கலாக இருக்கிறதே என்றேன். "புதுத்தண்ணி அப்படித்தாங்க இருக்கும், சும்மா பேஜாரு பண்ணாதீங்க" என்று என் வாயை அடைத்தது வேறு யாருமில்லை, உன் அம்மாதான்.

அவளுக்கும் கண்டிருக்கிறது. பயப்படாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எனக்கே பயமாக இருக்கிறது கண்ணு. ஒரு வாய் கஞ்சித் தண்ணீர் தங்கவில்லை, கண்கள் குழி விழுந்துவிட்டன. அப்படியும், "அவ மூட்டை கட்டிக்கினு இருப்பா, ஜல்தி எழுதிப் போடுங்க" என்று என்னை விரட்டுகிறாள். நேற்று பக்கத்து வீட்டுச் சீனுவாசன் செத்துப்போன தன் அண்ணன் படுத்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினான், கிழக்கே இருப்பவர்களும் இதே தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள் என்று மல்லுக்கட்டி, களத்திலேயே கொளுத்த வைத்தேன். சம்பிரதாயத்தைக் கெடுத்துவிட்டேனாம், என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

தாய்வீட்டில் பிரசவம் பார்க்கவில்லை என்று உன் மாமியார் முகம் தூக்கினால் பழியை என் தலையில் போட்டுவிடு. குழாய்த் தண்ணீர்தானே என்று இருக்காதே, கொதிக்க வைத்துக் குடி. நீ பிடிவாதக்காரி, இதைப் படித்த பிறகும் ரயில் ஏறினாலும் ஏறுவாய். அப்படி ஏறினால் திண்டிவனத்திலேயே இறங்கி அம்சா சித்தி வீட்டில் இரு, விழுப்புரம் வரை வராதே, என்னைத் தேடியும் வராதே. அம்மா எழுந்து உட்காரட்டும், நானே வண்டி கட்டி அவளை அங்கே அழைத்து வருகிறேன்.

தாயும் பிள்ளையுமாக நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். பதிலை மட்டும் என் பெயருக்குப் போடாதே, அம்மா பெயருக்கே போடு. தபால்காரர் வரும்போது அவள் கையால் வாங்கவேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
விருத்தாசலம்