இருபது மில்லி ஸ்பூன்

டூகல்,

நான் டூட்டிக்குக் கிளம்புகிறேன். பூசணி சூப் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சுடவைத்துக் குடி.

நேற்று உன் அம்மா குறிப்பைப் பார்த்துச் சுட்ட பிஸ்கட், தட்டில் பரவி ஒட்டிக்கொண்டதற்கு, "எங்கம்மா கைப்பக்குவம் உனக்கு வராது நரேல்"னு சொன்னாயே. காலையில் நியூசிலாந்துக்கு, உன் அக்காவுக்கே போன் போட்டேன். மொய்ரா சிரித்தாள். "அட அசடே, எங்க ஊர் பெரிய ஸ்பூன் பதினஞ்சு மில்லிதான். உங்க ஆஸ்திரேலியா ஸ்பூன் இருபது. பாகும் சமையல் சோடாவும் கூடாம என்ன செய்யும்?"

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. வரும்போது ஒரு எடை மெஷின் வாங்கி வா. மொய்ரா எல்லா அளவையும் கிராமில் அனுப்புகிறாளாம். கண்ணாடித் தட்டு வைத்த மெஷின் பார்க்க அழகு, ஆனால் ஐந்தைந்து கிராமாகத் தாவுகிறது, வேண்டாம். ஒவ்வொரு கிராமாகக் காட்டுவதை எடு. பெரிய கிண்ணம் வைத்தால் எண் மறையக் கூடாது, கடையிலேயே வைத்துப் பார். கிண்ணத்தோடு பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்றும் பார்.

நரேல்

பி.கு: உன் அம்மா ஸ்பூனை நீ இங்கே கொண்டுவந்திருக்கிறாய் என்று மொய்ரா சொன்னாள். வீடெல்லாம் தேடினேன். உன் ஷெட்டில், காய்ந்த பெயின்ட் டப்பாவுக்குள் நிற்கிறது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.